ஆடிக் காற்றில் இன்ஜினைப் பிரிக்காதீர்கள்!

அஞ்சுகிராமம் பக்கம் ஆடிக் காற்று வீசும்போது, முற்றத்தில் பைக்கின் ஹெட் கேஸ்கட் மாற்ற உட்காரக் கூடாது. சிலிண்டருக்குள் கொஞ்சம் மணல் விழுந்தாலே பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். காற்று மறைவான இடம் பாருங்கள்.

இன்ஜின் ஆறட்டும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் கேம் செயின் உண்டு. கழற்றுமுன் டைமிங் மார்க்கைச் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங்கை (மெக்கானிக்குகள் வைத்த பெயர்) ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுபவர்கள்தான் அதிகம். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் புதியது போட்டாலும் கசியும். பிளாஸ்டிக் துண்டால் மெதுவாகச் சுரண்டுங்கள், நேரமாகும், ஆகட்டும். 'நல்லாத்தானே இருக்கு' என்று பழையதையே போடுவது வீண் சிக்கனம். ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது.

போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வண்டியை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்து, ஹெட் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.