தலைவரின் எதிர்பார்ப்பு

ஒரு குழுவை நடத்துவோர், "உங்களிடம் நான் மிகுதியாக எதிர்பார்க்கிறேன்" என்று சொல்வதை மாணவர்களாகிய நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அச்சொல் சிலருக்கு ஊக்கமாகிறது, சிலருக்குச் சுமையாகிறது. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்க நாட்டில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக விளங்கிய ஜான் வூடன். 1948 முதல் 1975 வரை, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகக் குழுவை அவர் பயிற்றுவித்தார். 1964 முதல் 1975 வரையுள்ள 12 ஆண்டுகளில் அக்குழு 10 முறை தேசியக் கல்லூரிப் போட்டியில் வாகை சூடியது. இத்தகையவர் வெற்றி வெற்றி என்றே முழங்கியிருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ, நம்மால் இயன்ற அளவு முயன்றோம் என்னும் மனநிறைவையே வெற்றி என்றார்.

பயிற்சி தொடங்கும்போது அவர் கற்பித்த முதற் பாடம் எது தெரியுமா? காலுறையும் காலணியும் அணியும் முறை! காலுறையில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் ஆட்டம் கெடும். நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்களும் இப்பாடத்தைக் கற்றார்கள். சிறு செயலும் செம்மையாக அமையவேண்டும் என்பதை நீண்ட சொற்பொழிவு ஒன்று இதைவிடத் தெளிவாக உணர்த்தியிருக்குமா?

1974-75ஆம் ஆட்டப் பருவத்தில் தார்ப், கேலிமோர் என்னும் உளவியல் அறிஞர் இருவர் அவருடைய களத்துக்குச் சென்று, அவர் பேசியவற்றையும் செய்தவற்றையும் வகைப்படுத்திக் குறித்தனர். புகழுரை நூற்றுக்கு 7 பங்களவே இருந்தது. வெறும் கண்டிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. பெரும்பகுதி, 'இதனை இவ்வாறு செய்' என்னும் விளக்கமாகவே இருந்தது. ஓர் இளைஞர் தவறினால், வூடன் முதலில் சரியான முறையைச் செய்து காட்டுவார்; அடுத்து அவர் செய்த தவற்றைக் காட்டுவார்; மீண்டும் சரியானதையே காட்டுவார். சில நொடிகளில் ஆட்டம் தொடரும்.

குறையை இவ்வாறு சுட்டிக்கொண்டே இருந்தால் மனம் ஒடிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை தரும் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2014இல் வெளிவந்தது. பள்ளி மாணவர் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் குறைகாட்டித் திருத்தினர். சிலருடைய தாளில் மட்டும் ஒரு சிறு குறிப்பு இணைக்கப்பட்டது: உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பதாலும், அதை எட்ட உன்னால் முடியும் என்று அறிந்திருப்பதாலுமே இவற்றை எழுதுகிறேன் என்பது அதன் கருத்து. மற்றவர்களுக்குப் பொதுவான குறிப்பே கிடைத்தது. நிறவேற்றுமையால் அல்லலுற்ற கறுப்பின மக்களின் பிள்ளைகளில், பொதுக் குறிப்புப் பெற்றவருள் நூற்றுக்கு 17 பேரே கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தனர். நம்பிக்கைக் குறிப்புப் பெற்றவருள் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் முன்வந்தனர். திருத்தம் தம்மை இழிவுபடுத்தவன்று என்னும் உறுதி பிறந்ததும், அவர்கள் உழைக்கத் துணிந்தார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் உண்மை விளங்கும். இலக்கைச் சொல்லி வழியைக் காட்டாவிட்டால், அது வெறும் அதட்டல். வழியைக் காட்டி நம்பிக்கையைத் தெரிவிக்காவிட்டால், அது குற்றம் காண்பதாகவே தோன்றும். இவற்றினும் தீயது ஒன்று உண்டு. பின்தங்கியவன் மனம் நோகக் கூடாதென்று, அவனுடைய அரைகுறை வேலையையும் 'நன்று' எனப் புகழ்ந்து விட்டுவிடுவதே அது. பார்வைக்கு அது இரக்கம். உள்ளே இருப்பதோ, 'இவனால் இவ்வளவுதான் முடியும்' என்னும் தீர்ப்பு. அத்தீர்ப்பை அவனும் உணர்ந்துகொள்வான்.

நாளை உங்களில் சிலர் விளையாட்டுக் குழுவுக்கோ நாடகக் குழுவுக்கோ தலைவராவீர்கள். அப்போது குழுவில் மிகவும் பின்தங்கிய தோழனை நினைவில் வையுங்கள். அவனுக்கென்று தரத்தைத் தாழ்த்தாதீர்கள். அவனால் இயலும் என்று சொல்லி, அருகில் நின்று அடுத்த படியைக் காட்டுங்கள்.