குசினிச் சாடியில் ரம்பை, அடித்தட்டில் டெங்கு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வளவுகள் சுருங்கிவிட்டன. ரம்பையும் கறிவேப்பிலையும் புதினாவும் இப்போது குசினி யன்னலோரச் சாடிகளில் வளர்கின்றன. நல்ல பழக்கம். ஆனால் சாடியின் கீழ்த்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். டெங்கு நுளம்பும் பெருகும்.

ஆபத்து

ஈடிஸ் நுளம்பு சாக்கடையை விட, வீட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரையே விரும்பும். வேர் பிடிக்க ரம்பையை வைத்த போத்தலும் புதினாத் தண்டு நிற்கும் கிளாசும் அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஆபத்து நீங்காது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும் முட்டைகள், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர்.

சட்டமும் உரிமையும்

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, வளவை நுளம்பு பெருகாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை மட்டுமல்ல, குடியிருப்பவரின் கடமையும்தான். வாடகை வீடு என்று சொல்லித் தப்ப முடியாது. மீறினால் வழக்கும் தண்டமும் வரும். பரிசோதனைக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். எதில் குடம்பி கண்டார், என்ன செய்ய வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வெறும் வளவில் தண்ணீர் தேங்கினால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் முறையிடுங்கள்.

பரிகாரம்

• அடியில் துளையுள்ள சாடியில் மணலும் கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்புங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்த தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.
• ரம்பைக் கன்றைப் போத்தலில் வைக்காமல் நேரே ஈர மண்ணில் நடுங்கள்.
• தட்டு, போத்தல்களை வாரம் ஒருமுறை சவர்க்காரமும் தும்பும் போட்டு உரசிக் கழுவுங்கள்.
• கடலோரக் கிணற்றின் உவர்நீர் பட்டால் இலைநுனி கருகும், மண்மேல் வெள்ளைப் படை படியும். குழாய் நீரோ மழைநீரோ நல்லது.
• வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைக் குசினிச் செடிக்கு அடிக்கவே கூடாது. அந்த இலைதான் கறிக்குள் போகிறது. பூச்சிக்கு மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, பறித்த இலையை நன்றாகக் கழுவுங்கள். ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தால்

பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் எதையும் கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டிலுள்ள ஒவ்வொரு சாடித் தட்டையும் உரசிக் கழுவுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.