நார்ன் வீட்டு உறவுகள்

1774இல் ஜார்ஜ் லோ என்ற பாதிரியார் ஷெட்லாந்துக்கு மேற்கே தனித்துக் கிடக்கும் ஃபௌலா தீவில் இறங்கினார். அங்கே பேசப்பட்டுவந்த, பழைய நார்ஸின் வழிவந்த நார்ன் மொழி அப்போதே ஓய்ந்துகொண்டிருந்தது. வில்லியம் ஹென்றி என்ற முதியவர் ‘ஹில்தினா’ கதைப்பாடலின் 35 கண்ணிகளை நினைவிலிருந்து சொன்னார். மொழி தெரியாத லோ, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். கூடவே ஒரு சிறு சொற்பட்டியலும் எடுத்தார். படகு, பாய், மீன், ரொட்டி, கரண்டி என்று அதில் கடலும் அடுப்படியும்தான் நிறைந்திருக்கின்றன.

உறவுகளை வேறு இடத்தில் தேட வேண்டும். லோ பதிந்த கர்த்தர் ஜெபம் ‘ஃபை வோர்’ என்று தொடங்குகிறது. எங்கள் தந்தையே என்று பொருள். பழைய நார்ஸின் ‘ஃபாதிர்’ தேய்ந்து ஓரசையாகிவிட்டது. கதைப்பாடலில் ‘ஃப்ரிந்தா’ வருகிறது. ஆங்கிலத்தின் ‘ஃப்ரெண்ட்’டும் அதே வேர்தான். ஆனால் நார்ஸில் அது நண்பனைவிட உறவினனையே குறித்தது.

நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் கொண்டுவந்த மொழி, சித்தப்பாவையும் தாய்மாமனையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. தந்தையின் உடன்பிறந்தவர் ‘ஃபோதுர்ப்ரோதிர்’, தாயின் உடன்பிறந்தவர் ‘மோதுர்ப்ரோதிர்’. இன்று இருவரும் ‘அங்கிள்’.

இந்த மாற்றத்தின் தொடக்கத்திலும் ஒரு கல்யாணம் இருக்கிறது. டென்மார்க்-நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்தியான், மகள் மார்கரெட்டின் சீதனத்துக்காக 1468இல் ஓர்க்னியையும் 1469இல் ஷெட்லாந்தையும் ஸ்காட்லாந்திடம் அடகு வைத்தார். அடகு மீளவே இல்லை. கோயிலிலும் நீதிமன்றத்திலும் சந்தையிலும் ஸ்காட்ஸ் மொழி வேரூன்றியது.

1893இல் ஃபாரோ தீவுக்காரரான யாக்கோப் யாக்கோப்சன் ஷெட்லாந்துக்கு வந்தபோது நார்ன் பேசுவார் யாருமில்லை. ஆனாலும் சுமார் 10,000 நார்ன் சொற்களைத் திரட்டினார். காற்று, அலை, ஆடு, மீன்பிடிப்பு என ஸ்காட்ஸில் ஈடு இல்லாத சொற்கள் தப்பித்திருந்தன. தாய், தந்தை, சகோதரனுக்கோ ஸ்காட்ஸிலும் ஏறக்குறைய அதே சொற்கள். நெருக்கமே அவற்றைக் கரைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மிஞ்சியது உச்சரிப்பு. ‘ஃபெய்டர்’, ‘மிடர்’, ‘பிரிடர்’ என்று அழுத்தி ஒலிக்கும் அந்த ‘ட’கரம் நார்ன் நாக்கு விட்டுச்சென்றது.

தகப்பன் பெயரையே அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் நீண்டு வாழ்ந்தது. மேக்னஸின் மகன் மேன்சன், மகள் மேக்னஸ்டாட்டர். தலைமுறைதோறும் மாறிய இந்தப் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலையான குடும்பப் பெயர்களாக உறைந்தன. இன்று ஷெட்லாந்தில் ஒரு பெண்ணும் மேன்சன்தான்.