பால்மணம் மாறாத குரல்

‘களத்தூர் கண்ணம்மா’ பார்த்திருக்கிறீர்களா? 1960-ல் வந்த படம். பெற்றவர்களைக் காணாமல் விடுதியில் வளரும் ஒரு பொடியன், சாமி முன்னால் கைகூப்பி நின்று மனம் உருகப் பாடுவானே, அந்தக் காட்சியில் கண் கலங்காத தாய்மார்கள் உண்டா? நடித்த பையன் கமலஹாசன். அப்போது அவருக்கு வயது 5. சரி, பாடியது யார்?

பையனேதான் பாடினான் என்று இன்றைக்கும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் எங்கள் பாட்டி வீடு. மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டு வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்பார்கள். அந்தப் பாட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். அறிவிப்பாளர் பாடியவர் பெயரைத் தெளிவாகத்தான் சொல்லுவார். அது காதில் விழுவதற்குள் யாராவது ஒருவர், “அந்தப் பையன் பேரு கமலஹாசன்” என்று முந்திக்கொள்வார்!

பாடியவர் எம்.எஸ். ராஜேஸ்வரி. அந்தச் சமயம் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பெண்மணி.

இவருடைய கதை காரைக்குடியில் தொடங்குகிறது. யுத்த காலத்தில் ஏவி. மெய்யப்பன் சென்னையை விட்டு வந்து, காரைக்குடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். அங்கே எடுத்த படம்தான் 1947-ல் வந்த ‘நாம் இருவர்’. ஆர். சுதர்சனம் இசை. பாவாடை தாவணி வயசில் ராஜேஸ்வரி அதில் காந்தி மகானைப் பற்றிப் பாடினார். 1948-ல் ஏவி.எம். கோடம்பாக்கத்துக்கு வந்த பிறகும் அந்தப் படங்களில் இவர் குரல் தொடர்ந்து ஒலித்தது. ‘பராசக்தி’யில் (1952) சீமான்களைச் சீண்டுகிற அந்த நடனப் பாட்டு நினைவிருக்கிறதா? அதுவும் இவர்தான். குழந்தைப் பாட்டுக்காரி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் போகப் போக கதாநாயகிகளின் பாட்டெல்லாம் பி. சுசீலா போன்றவர்களிடம் போயிற்று. ராஜேஸ்வரிக்கு என்று நின்றது அந்தப் பால்மணம் மாறாத குரல். ‘குமுதம்’ (1961) படத்துப் பூனைக்குட்டிப் பாட்டு, ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் குட்டி பத்மினிக்காகப் பாடிய கோழிப் பாட்டு எல்லாம் இவருடையவை. அந்தக் கோழிப் பாட்டைச் சொல்லி எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருப்போம்! பிரிந்து வாழும் அப்பா அம்மாவை நினைத்து அந்தப் பெண் பாடுகிறாள் என்பது ஊட்டும்போது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

குழந்தைக் குரல் என்றால் மூக்கால் கொஞ்சுவது என்று சிலர் நினைக்கிறார்கள். ராஜேஸ்வரி அப்படிச் செய்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழும், சுருதி இம்மி பிசகாது. இருந்தும் கேட்டால் குழந்தைதான். என்னைக் கேட்டால், கொஞ்சல் சேர்க்காததால்தான் அது குழந்தையாக ஒலித்தது.

குழந்தையையே பாடவைத்தால் என்ன என்று தோன்றும். அந்த நாளில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் கூடி வாசிக்க, பாடகரும் கூடவே நின்று பாடி ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஐந்து வயசுப் பிள்ளை தாங்குமா? இன்னொரு காரணம் நம் தொண்டையில் இருக்கிறது. குழந்தையின் குரல் நாண்கள் குட்டையாக, மெல்லியதாக இருக்கும். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசில் அவை நீண்டு தடித்து, குரல் உடைந்துவிடும். பெண்களுக்கு அந்த மாற்றம் குறைவு. அதனால்தான் உலகம் பூராவும் பொடியன்களுக்குப் பெண்களே குரல் கொடுக்கிறார்கள்.

ஜப்பானில் இதுவே பெரிய தொழில். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யில் பார்க்கும் நீல நிறப் பூனை டோரேமானுக்கு ஜப்பானிய மொழியில் 1979 முதல் 2005 வரை, 26 வருஷம், பேசியவர் நொபுயோ ஓயாமா என்ற பெண்மணி. 1933-ல் டோக்கியோவில் பிறந்தவர். இவர் குரல் ராஜேஸ்வரியின் குரலுக்கு நேர் எதிர். கரகரவென்று தடித்த குரல். பள்ளிக்கூடத்தில் வாய் திறந்தாலே சிரிப்பார்களாம். பெண் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? குரலை ஒளித்து வைத்தால் அது இன்னும் பலவீனமாகிவிடும், தினமும் உபயோகி என்று சொல்லி, பேசுகிற வேலை உள்ள சங்கத்தில் போய்ச் சேரச் சொன்னார். பெண்ணும் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தாள். 2024-ல் ஓயாமா தம் 90-வது வயதில் காலமானபோது ஜப்பான் தேசமே அந்தக் கரகரப்பை நினைத்து ஏங்கியது.

இந்தக் கதையை நான் முதலில் சொன்னது என் அண்ணன் மகளுக்கு. வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் பெண்ணுக்கு ஏழு வயசு. “அத்தை, பள்ளிக்கூடத்துல இவளைத் தவக்களைன்னு கூப்பிடறாங்களாம். பாடம் கேட்டாக்கூட வாயைத் தொறக்க மாட்டேங்குறா” என்று அழுதாள். கரகரப்பு வந்து மாதக்கணக்காகிவிட்டது. மலையில் கடுக்காய்க்கா பஞ்சம்? அதைத்தான் ஒரு துண்டு வாயில் அடக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கதை இருக்கட்டும் கண்ணு, முதல்ல டாக்டர்கிட்ட காட்டு” என்று கள்ளக்குறிச்சிக்கு வரவழைத்தேன். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னக் காய்ப்பு என்றார். உலக்கை பிடித்தால் உள்ளங்கை காய்த்துப்போகிறதே, அதே சங்கதிதான். ஓயாமல் கத்திப் பேசும் பிள்ளைகளுக்கு இது சகஜமாம். இவர்கள் வீடு மேட்டில், காடு பள்ளத்தில். கூப்பிடுவதென்றால் கூவித்தான் ஆகவேண்டும். ஆபரேஷன் என்று பயந்துபோயிருந்தவளிடம், பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே சரியாகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

தாய்மார்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இது. சளி பிடித்தால் குரல் கம்முவதும் ஒரு வாரத்தில் தெளிவதும் வழக்கம். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே ஓடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அடிக்கடி தொண்டையைச் செருமுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். “ரகசியமாப் பேசு” என்று சொல்லாதீர்கள், கிசுகிசுப்பதும் தொண்டைக்குச் சிரமம்தான். மெதுவாக, இயல்பாகப் பேசினால் போதும். பெரியவர்களும் அடுப்படியிலிருந்து வாசலுக்குக் குரல் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் நடக்கிற காரியமாக இல்லை!

அந்தக் குட்டி இப்போது சாயந்திரம் பாட்டிக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறாளாம். கரகரப்பு பாதிதான் போயிருக்கிறது. வகுப்பில் இன்னும் எழுந்து படிக்கவில்லை.

ராஜேஸ்வரி அம்மாவுக்கு வருவோம். ‘களத்தூர் கண்ணம்மா’ வந்து 27 வருஷம் கழித்து, 1987-ல், கமல் நடித்த ‘நாயகன்’ வந்தது. அதில் பழைய காலத்து மெட்டில் ஒரு ஆட்டப் பாட்டு வேண்டியிருந்தது. இளையராஜா தேடிப் பிடித்த குரல்கள் கே. ஜமுனாராணியும் எம்.எஸ். ராஜேஸ்வரியும். தீபாவளியைப் பற்றி வருமே, அந்தப் பாட்டுத்தான். படத்தில் அது வரும் இடம் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற இடமில்லை, அது வேறு விஷயம். பாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வயசு ஏறியது குரலில் தெரிகிறதா என்று பாருங்கள்.

2018 ஏப்ரலில் அவர் சென்னையில் காலமானார். சாமி முன்னால் கைகூப்பி நின்ற அந்தப் பொடியனுக்கு அப்போது வயது 63.