இஞ்சினுக்கும் அச்சாணி உண்டு

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. சிறிய பொருள்தானே என்று அசட்டையாக இருந்தால் பெரிய தேரே நின்றுவிடும். நம் மதுராந்தகத்தில் பல வீட்டு வாசல்களில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு அச்சாணி போன்றது எது? இஞ்சின் ஆயில்தான்.

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். ஊற்றினால் மறுபடி ஓடும். ஆயில் தீர்ந்தாலோ இஞ்சினே பாழாகும். பெட்ரோல் அளவைக் காட்ட முள் உண்டு. ஆயில் அளவைக் காட்டப் பல வண்டிகளில் எதுவும் இல்லை. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆயிலின் பணி

இஞ்சினுக்குள் பிஸ்டன் நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை மேலும் கீழும் ஓடுகிறது. இரும்போடு இரும்பு உரசாமல் ஆயில் மெல்லிய படலமாக இடையில் நிற்கிறது; சூட்டைக் கடத்துகிறது; கரியையும் உலோகத் துகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியரும் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. அதனால் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

1980-இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் நினைவும் வந்தது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் தனியே இஞ்சினுக்குள் இருக்கிறது. கண்ணில் படாதது கருத்திலும் படாமல் போகிறது!

பார்க்கும் முறை

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் அளவு தவறாகத் தெரியும். இஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு அளவுக் குச்சியைக் கழற்றித் துணியால் துடைத்து, மீண்டும் உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டில் அது இருக்கும். நம் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், ஒரகடத்தில் தயாராகும் புதிய ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் குச்சிக்குப் பதில் சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு.

ஆயில் மேல்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கையேடு சொல்லும் ரக ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். மேல்கோட்டைத் தாண்டுவதும் கெடுதியே.

நிறம் சொல்லும் செய்தி

ஓடிய ஆயில் கறுப்பது இயல்பு. பால் கலந்த காப்பி போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். மழைவெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்வதே நல்லது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அறியலாம். அளவு சரியாக இருந்தாலும், கையேட்டில் குறித்த கிலோமீட்டர் வந்ததும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

கழித்த ஆயிலைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது. மழைநீரோடு அது ஏரியையும், ஏரி நீர் பாயும் நெல்வயலையும் சேரும். பட்டறையில் சேர்த்துவிட்டால் சுத்திகரிப்புக்கு அனுப்ப வழியுண்டு.

தோழியரே! இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு துணியும் ஐந்து நிமிடமும் போதும். அப்பாவும் அண்ணனும் வேலைக்குச் செல்லும் வண்டியை வாரம் ஒரு முறை நாமே பார்ப்போம். நடுவழியில் அவர்கள் நிற்காமல் வீடு சேர்வார்கள்.