பலகைக்கு அடியில் ஒரு மீன் துடுப்பு!

ஆடி மாதத்தில் பள்ளி விட்டு சைக்கிளில் வரும்போது, எதிர்க்காற்றில் மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? என்னதான் மூச்சுப் பிடித்து மிதித்தாலும் சைக்கிள் நகராது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, நம் திருப்பூர் மாவட்டத்துக்குள் வேகமாக வீசுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு அதுதான் காரணம்.

அந்த மாதிரி காற்றைப் பிடித்துக் கொண்டு, தண்ணீர் மேல் ரேஸ் போகும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விண்ட்சர்ஃபிங். மிதக்கும் பலகை ஒன்று. அதன் மேல் ஒரு பாய்மரமும் பாயும். வீரர் பலகையில் நின்றபடி பாயைக் கையால் பிடித்துக் கொள்வார். மோட்டார் கிடையாது. படகில் இருப்பது போல சுக்கானும் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகித் திரும்பும். பின்னால் சாய்த்தால் காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும்.

சரி, ஒரு சந்தேகம். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, பலகையும் பக்கவாட்டில்தானே தள்ளப்பட வேண்டும்? அது எப்படி முன்னால் பாய்கிறது?

பக்கெட்டில் ஒரு சோதனை!

ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொள்ளுங்கள். உள்ளங்கையை விரித்துத் தண்ணீரைத் தள்ளுங்கள். கனமாக இருக்கிறதா? இப்போது கையைத் திருப்பி, கத்தி போலத் தண்ணீரை வெட்டுங்கள். சுலபமாகப் போகும்.

பலகையின் அடியில், வால் பக்கம், இதே வேலையைச் செய்ய ஒரு உறுப்பு இருக்கிறது. மீனின் துடுப்பு போல மெல்லியதாக, நீளமாகத் தண்ணீருக்குள் நிற்கும். அதன் பெயர் ஃபின். முன்னால் போகும்போது கத்தி போல வெட்டும். பக்கவாட்டில் தள்ளினால் உள்ளங்கை போலத் தடுக்கும். பக்கவாட்டில் போக வழியில்லாததால், காற்றின் பலம் பலகையை முன்னால் தள்ளுகிறது.

எந்த ஃபின் நல்லது?

பெரிய ஃபின் என்றால் நன்றாகப் பிடிக்கும். அப்படியானால் எப்போதும் பெரியதையே மாட்டிக் கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

காற்று மெதுவாக இருந்தால் பெரிய பாய் வேண்டும். பெரிய பாய் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்க நீளமான ஃபின் தேவை. ஆனால் காற்று பலமாக அடித்து வேகம் கூடினால், அதே நீள ஃபின் பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கி விடும். வீரர் தடுமாறுவார். அப்போது சின்ன பாய், சின்ன ஃபின்தான் சரி.

அதற்காக ரொம்பச் சின்னதாகப் போட்டாலும் ஆபத்து. பாரம் தாங்காமல் ஃபின் பிடியை விட்டு விடும். மழையில் சைக்கிளின் பின் சக்கரம் வழுக்குமே, அது மாதிரி பலகையின் வால் ஒரு பக்கமாகச் சறுக்கும். பாசி, நீர்ச்செடிகள் நிறைந்த இடமாக இருந்தால், பின்னால் நன்றாகச் சாய்ந்த ஃபின் மாட்டுவார்கள். செடிகள் சிக்காமல் வழுக்கி நழுவிவிடும்.

பாய்மரத்தின் அடிப்பகுதியையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னால் நகர்த்தினால் பலகையின் மூக்கு அழுந்தும். பலமான காற்றிலும் கட்டுக்குள் இருக்கும். பின்னால் நகர்த்தினால் மூக்கு தூக்கும். வேகம் கூடும், ஆட்டமும் கூடும். பாயைக் கீழ்ப்பக்கமாகக் கயிற்றால் இறுக்கினால் அதன் மேல்பகுதி தளரும். திடீர்க் காற்று அந்த வழியாக நழுவிப் போய்விடும்.

பனியனில் பாய் தைக்கலாமா?

நம் ஊர் பனியன் துணியைக் கொண்டு பாய் தைக்க முடியுமா? வீட்டில் பனியனையும் பள்ளிச் சீருடைச் சட்டையையும் எடுத்து, நூல் ஓடும் திசையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பனியன் நன்றாக நீளும். சட்டைத் துணி அவ்வளவு நீளாது. பனியன் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னியது. கண்ணிகள் விரிவதால் துணி நீள்கிறது. சட்டைத் துணி குறுக்கும் நெடுக்குமாக நெய்தது.

பாய் நீண்டால் அதன் வடிவம் மாறி, கஷ்டப்பட்டு இறுக்கியதெல்லாம் வீணாகும். அதனால் விண்ட்சர்ஃபிங் பாய்களில் எளிதில் நீளாத பாலியஸ்டர் பிலிம் பயன்படுத்துகிறார்கள். உடம்புக்குச் சுகம் தருவது பனியனின் குணம். அந்தக் குணமே பாய்க்கு ஆகாது!

எல்லோருக்கும் ஒரே பலகை

2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக் வரை பயன்பட்ட பலகையின் பெயர் ஆர்.எஸ்.எக்ஸ். நீளம் 2.86 மீட்டர், அகலம் 93 செ.மீ. ஆண்களுக்கான பாய் 9.5 சதுர மீட்டர். பத்துக்குப் பத்து அடி அறையின் தரையை விடக் கொஞ்சம் பெரியது! ஆண்களுக்கான ஃபின் 66 செ.மீ. உங்கள் 30 செ.மீ. ஸ்கேல் இரண்டை ஒட்டி வைத்தாலும் இன்னும் 6 செ.மீ. பாக்கி இருக்கும்.

இந்தப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலகை, ஒரே மாதிரி ஃபின். 'என் ஃபின் சரியில்லை' என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பாய்மரத்தை எங்கே வைப்பது, பாயை எவ்வளவு இறுக்குவது, காற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி.

2023 செப்டம்பர் 26 அன்று, சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் ஈபாத் அலி இந்தப் பிரிவில் வெண்கலம் வென்றார். இதில் முதலிடம் வந்தால் 1 புள்ளி, இரண்டாமிடம் வந்தால் 2 புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர்! 14 ஓட்டங்களில், மோசமான ஒன்றைக் கழித்து விடுவார்கள். ஈபாத் அலி எடுத்தது 52 புள்ளிகள். தங்கம் வென்ற தென்கொரிய வீரர் சோ வோன் வூ எடுத்தது வெறும் 13. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13 ஓட்டங்களுக்கு 13 புள்ளி என்றால், அவர் எத்தனை முறை முதலில் வந்திருப்பார்?

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பலகையின் இடத்தில் ஐக்யூஃபாயில் வந்தது. இதில் பலகையின் அடியில் தண்டு ஒன்றும், அதன் நுனியில் விமானம் போன்ற சிறகுகளும் இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிப் பறக்கும்!

நம் ஊரில் கடல் இல்லையே?

ஈபாத் அலி வென்ற அதே நாளில், 17 வயது நேஹா தாக்கூர் பாய்மரப் படகுப் போட்டியில் வெள்ளி வென்றார். அவர் மத்தியப் பிரதேச விவசாயியின் மகள். அந்த மாநிலத்தில் கடலே இல்லை. போபாலில் உள்ள தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில் பயிற்சி பெற்றவர். மறுநாள் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் பிறந்தது நம் வேலூரில். அங்கும் கடல் கிடையாது!

அதற்காக, நாளைக்கே பலகையைத் தூக்கிக் கொண்டு கிணறு, வாய்க்கால், கல்குவாரிக் குட்டை பக்கம் போய்விடாதீர்கள். பயிற்சியாளர், உயிர்காப்பு உடை, நீச்சல் மூன்றும் இல்லாமல் தண்ணீர் விளையாட்டு கூடாது. முதலில் பெரியவர்கள் துணையோடு நீச்சல் கற்றுக் கொள்ளுங்கள்.

அதுவரை காற்றைப் படிக்கப் பழகலாம். மொட்டை மாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று தினமும் காலையும் மாலையும் பார்த்து, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், உங்கள் தெருக் காற்றின் குணம் உங்களுக்கே புரியும். ரெடியா குட்டீஸ்?