மேஜைக்கு வந்த அடுப்பு

பெங்களூரின் கொரிய உணவகங்களில் கறியைச் சுட்டுக்கொள்வது சாப்பிட வந்தவரின் வேலை. அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழைய கணக்கு ஒன்றும் வெளியே வந்தது.

மேஜையின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். இளைஞர் ஒருவர் கனன்றுகொண்டிருக்கும் கரிச்சட்டியைக் கொண்டுவந்து அதில் இறக்குகிறார். மேலே இரும்பு வலை. கூரையிலிருந்து தொங்கும் குழாயைக் கீழே இழுத்துவிட்டுப் புகைக்கு வழி செய்கிறார். அடுத்து ஒரு தட்டு நிறையப் பச்சைக் கறி, ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல். அவ்வளவுதான். இனி உங்கள் பாடு.

என் அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வேகவைக்காமலே கொண்டாந்து வச்சுட்டான். இதுக்குக் காசு வேறயா?”

திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அவருக்கு வயது 72. அன்று என் மகளின் பதினைந்தாவது பிறந்தநாள். பிரியாணி வேண்டாம், பீட்சா வேண்டாம், கொரியன் பார்பெக்யூதான் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆக, பாட்டி, பேத்தி, நடுவில் நாங்கள் இருவர் என்று மூன்று தலைமுறை அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

மகளின் ஆசை ஒரே நாளில் முளைத்ததல்ல. 2014 வாக்கிலேயே புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்தது. 2020 பிப்ரவரியில் ‘பாரசைட்’ படம் நான்கு ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. அடுத்த மாதமே ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டுத் திரைகளின் முன் உட்கார வைத்தது. 2021ல் ‘ஸ்க்விட் கேம்’ மிச்சமிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டது. காதல் முறிந்தாலும் சரி, சம்பளம் உயர்ந்தாலும் சரி, கொரியத் தொடர்களின் மாந்தர்கள் போய்ச் சேருமிடம் புகையும் அடுப்புதான். பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு நாக்கு ஊறாதா?

ஆனால் கொரியச் சமையல் தென்னிந்தியாவுக்கு வந்தது தொடர்களால் அல்ல, தொழிற்சாலைகளால். ஹூண்டாய் 1996ல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அதே ஆண்டில் சாம்சங்கின் ஆராய்ச்சி மையம் பெங்களூரில் தொடங்கியது. 2019ல் ஆந்திராவின் பெனுகொண்டா அருகே கியா கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஹைதராபாத் நெடுஞ்சாலையில் பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணம். வேலைக்கு வந்த கொரியர்களுக்கு வீட்டுச் சாப்பாடு வேண்டியிருந்தது. அவர்களுக்காகத் திறந்த சிறிய உணவகங்களில் மெல்ல நம்மவர்களும் நுழைந்தார்கள். கேஸில் தெருவின் ஹே கும் காங், கல்யாண் நகர்ப் பக்கத்து அரிராங் போன்றவை நகரத்து உணவுப் பிரியர்களிடையே பல ஆண்டுகளாக அடிபட்ட பெயர்கள்.

மூன்றடுக்குக் கறி

பட்டியலைப் படிக்க மகள்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தத் தொழிலில் இருபது ஆண்டு இருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ‘சம்கியொப்சல்’ என்றால் மூன்றடுக்குக் கறி. பன்றியின் வயிற்றுப் பகுதி. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்கியதுபோல் இருக்கும். ‘புல்கோகி’ என்றால் நெருப்புக் கறி. சோயாச் சாறு, பூண்டு, சர்க்கரை, எள்ளெண்ணெய் சேர்த்து ஊறவைத்தது. ‘கல்பி’ விலா எலும்புக் கறி. கடைசி இரண்டும் கொரியாவில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கர்நாடகத்தில் 2021ல் நடைமுறைக்கு வந்த சட்டம், 13 வயதைத் தாண்டிய எருமையைத் தவிர, மாடுகளை வெட்டத் தடை விதிக்கிறது. எங்கள் மேஜைக்கு வந்தவை பன்றியும் கோழியும். குடகர்களின் பந்திக் கறி பழகிய ஊருக்குப் பன்றி புதிதல்ல. அம்மாவுக்குத்தான் புதிது.

“அம்மாச்சி, உனக்குப் பிடிக்கலேன்னா கோழி இருக்கு” என்றாள் மகள்.

“வெள்ளைப் பன்னிதானே? மூலத்துக்கு நல்லதும்பாங்க” என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

கறி சூடேறும் முன்பே சின்னச் சின்னக் கிண்ணங்கள் மேஜையை நிரப்பின. முட்டைக்கோஸ் கிம்ச்சி, முள்ளங்கி, முளைகட்டிய பயறு, கீரை, உருளைக்கிழங்கு. இவற்றுக்குப் பொதுப்பெயர் ‘பன்ச்சன்’. தீரத் தீரக் கேட்டு வாங்கலாம், தனிக் காசு இல்லை என்பது கொரிய வழக்கம். பந்தியில் கூட்டும் பொரியலும் மறுபடி வருவதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது: கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பது சாதாரணம்.

கிம்ச்சியை வாயில் வைத்த அம்மா, “நம்ம ஊர் காரம்” என்றார். ஒருவகையில் சரிதான். இரண்டு ஊருக்குமே அது வந்த காரம். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. ஏறக்குறைய அந்த நூற்றாண்டின் இறுதியில் கொரியாவையும் எட்டியது. மிளகு மட்டும் தெரிந்த தமிழர்கள் புதிய காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பு கிம்ச்சியும் சிவப்பில்லை, நம் குழம்பும் சிவப்பில்லை.

சுட்ட கறியும் நமக்குப் புதிதல்ல. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைக் கரிகாலன் பொருநனுக்கு ஊட்டி ஊட்டி உபசரித்ததைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. இரவும் பகலும் கறி தின்றே பல் மழுங்கிப் போனதாம் பொருநனுக்கு. கொரியாவிலோ கோரியோ அரச மரபின் காலத்தில் (918-1392) பௌத்தம் ஓங்கியிருந்ததால் புலால் ஒதுங்கியிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆதிக்கத்தோடு மறுபடி தலையெடுத்தது.

எலும்பு இல்லாத கறி

கறி சுருண்டு கொழுப்பு சொட்டத் தொடங்கியதும் அம்மாவின் கை தானாக நீண்டது. இடுக்கி அவரிடம் போயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் விருந்தாளிகள், அவர் சமையற்காரர். பத்து நிமிடத்தில் எந்தத் துண்டு வெந்தது, எது கருகப் போகிறது என்பதெல்லாம் அத்துபடி. கத்தரிக்கோலால் நறுக்கி எல்லோர் தட்டிலும் போட்டுக்கொண்டே இருந்தார். “சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஆறிடும்.” “இந்தாடி, உனக்கு.” “நல்லா வெந்தது இது, பிள்ளைக்குக் குடு.”

மகள்தான் முதலில் கவனித்தாள். “அம்மாச்சி தட்டுல ஒண்ணுமே இல்ல.”

“நான் கடைசியா சாப்பிட்டுக்கறேன்.”

இந்த வாக்கியத்தோடு நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. முதலில் அப்பா, அவருக்கு ஈரல். அடுத்து அண்ணன்கள், அவர்களுக்குத் தொடைக்கறி. பிறகு நான். எல்லோரும் கை கழுவிய பிறகு அம்மா குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவார். கூட ஓர் எலும்பு. “எனக்கு எலும்புதான் ருசி” என்பார். ரொம்ப நாள் அதை நம்பினேன். கல்யாணமாகி என் வீட்டில் நான் கறி சமைத்த பிறகுதான் நம்பிக்கை போயிற்று.

சம்கியொப்சலில் எலும்பு இல்லை. அம்மா ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

அதைவிட முக்கியம், அங்கே சமையலறையும் இல்லை. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவதற்கு ஒரு காரணம் சொல்ல முடியும்: அடுப்பு உள்ளே இருக்கிறது, இலை வெளியே இருக்கிறது, நடுவில் யாராவது நடக்க வேண்டும். அடுப்பே மேஜைக்கு வந்துவிட்டபின் அந்தக் காரணம் செல்லாது. கறியைச் சுடுபவரும் சாப்பிட உட்கார்ந்தவர்தான்.

கரியைக் கிளறிவிட வந்த பரிமாறும் இளைஞரிடம் மகள் ஏதோ கேட்டாள். வடகிழக்கு மாநிலத்துக்காரர். இந்தியில் பதில் சொன்னார். மகள் தமிழில் சொன்னாள்: “கொரியாவில பெரியவங்க ஸ்பூன் எடுத்த பிறகுதான் மத்தவங்க சாப்பிடணுமாம். கறியைப் பெரும்பாலும் சின்னவங்கதான் சுடுவாங்களாம். இடுக்கியைக் குடு அம்மாச்சி.”

அம்மா தயங்கினார். பிறகு கொடுத்தார். ஒரு வேலையை விட்டுக்கொடுப்பது பதவியை விட்டுக்கொடுப்பது போலவும் இருக்கும் என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

கொரியாவைப் புகழ்ந்து தள்ளும் உத்தேசம் எனக்கில்லை. அறுவடைப் பண்டிகையான ‘சூசொக்’ வந்தால் முன்னோர் படையலுக்குச் சமைத்துச் சமைத்து மருமகள்கள் உடலும் மனமும் நொந்துபோவதற்கு அங்கே ‘பண்டிகை நோய்’ என்றே பெயர் உண்டு. நம் ஊர்ப் பொங்கலும் தீபாவளியும் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அப்பாவை ‘அப்பா’ என்றும் அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு நம்மவர்கள் புல்லரிக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் உறவு நிரூபணமாகிவிடாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு உரியவர் எப்போது சாப்பிடுகிறார் என்று இரண்டு ஊரிலும் கேட்கலாம்.

ஆ காட்டு

மகள் லெட்யூஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்தாள். ஒரு துண்டு கறி, சுட்ட பூண்டு ஒரு பல், நொதித்த சோயா விழுது கொஞ்சம், மேலே கிம்ச்சி. பீடா மடிப்பதுபோல் மடித்தாள். இதற்கு ‘ஸம்’ என்று பெயர். கடித்துக் கடித்துச் சாப்பிடக்கூடாது, முழுதாக ஒரே வாய். பிரியமானவர்களுக்கு மடித்து ஊட்டிவிடுவதும் வழக்கம்.

“ஆ காட்டு அம்மாச்சி.”

இதே இரண்டு சொல்லை இவளுக்கு அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், மொட்டைமாடியில் நிலாவைக் காட்டி. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். வாயைத் திறந்தார்.

ஊட்டுவதெல்லாம் அன்பு என்று சொல்லிவிட முடியாது. 2024ல் நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’, தமிழில் சமயவேலின் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’யாக வந்திருக்கிறது. கறியை விட்டுவிட்ட மகளின் வாயில் குடும்பமே பார்த்திருக்க அப்பா கறியைத் திணிக்கும் காட்சி அதில் உண்டு. படித்தவர்களுக்கு மறக்காது. ஊட்டும் கைக்கும் திணிக்கும் கைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவரைக் கேட்டார்களா, இல்லையா.

வாய் நிறைய மென்றுகொண்டிருந்த அம்மாவால் பேச முடியவில்லை. விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்: இன்னொன்று.

பில் நாலாயிரத்தைத் தாண்டியது. பச்சைக் கறிக்குக் காசா என்ற கேள்வி மறுபடி எழவில்லை. உடுப்பில் ஏறிய புகை இரண்டு துவைப்புக்குப் பிறகுதான் போனது. போகிறவர்கள் பட்டுப்புடவையைத் தவிர்ப்பது நல்லது.

அம்மா ஊருக்குத் திரும்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆட்டுக்கறி வாங்கியிருந்தோம். அடுப்படியில் நான் கறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது. “ஏண்டி, ஈரல் இருக்கா? எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வை.”

எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கேட்கிறார். எடுத்து வைத்தேன். மருமகனோடும் பேத்தியோடும் மேஜையில் உட்கார்ந்து, சூடாக, முதல் பந்தியில் சாப்பிட்டார்.

அன்று கடைசியாகச் சாப்பிட்டது யார் என்கிறீர்களா? எல்லோரும் கை கழுவிய பிறகு குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது.